லுக்லாவுக்குப் பறப்பது எப்படி? டிக்கெட் எடுப்பதிலிருந்து காத்மாண்டு திரும்பும் வரை

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் கிளம்புகிறவர்கள் ஷூ எது, ஜாக்கெட் எது என்று மாதக்கணக்கில் அலசுகிறார்கள். லுக்லா விமானத்தைப் பற்றி யாரும் அவ்வளவு யோசிப்பதில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று, போய் ஏற வேண்டியதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். பயணம் குலைவது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் திரும்பி வரும்போது. லுக்லா டிக்கெட்டில் தேதி அச்சிட்டிருக்கும். அந்தத் தேதியில் விமானம் பறக்குமா என்பதை மேகமும் காற்றும்தான் முடிவு செய்யும். இதை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் அந்த ஓடுபாதை

கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட் இருக்கும் கும்புப் பகுதியின் வாசலில், 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கிறது லுக்லா. நம் தொட்டபெட்டா உச்சியைவிட ஏறத்தாழ 200 மீட்டர் மேலே. இங்குள்ள ஓடுபாதை, எட்மண்ட் ஹிலாரி 1964-இல் ஷெர்பா மக்களோடு சேர்ந்து அமைத்தது. பள்ளிக்கூடங்களும் மருத்துவமனையும் கட்டப் பொருள்களை மலைமேல் கொண்டுவர ஒரு தளம் வேண்டியிருந்தது. சமமான நிலத்தைத் தர உழவர்கள் மறுத்ததால் இந்தச் சரிவு கிடைத்தது. மண் இறுகவில்லை என்று ஊர்க்காரர்களுக்கு உள்ளூர்ச் சாராயம் வாங்கிக் கொடுத்து, வரிசையாக ஆடவிட்டு மிதிக்க வைத்தார்கள் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. 2001-இல்தான் தார் போட்டார்கள். ஹிலாரி மறைந்த 2008-இல் டென்சிங்-ஹிலாரி விமான நிலையம் என்ற பெயர் வந்தது.

ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர், சரிவு 11.7 விழுக்காடு. அதாவது கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் சுமார் 60 மீட்டர் உயர வேறுபாடு. கீழ் முனைக்கு அப்பால் ஆழமான பள்ளத்தாக்கு, மேல் முனைக்குப் பின்னால் மலை. அதனால் இறங்குவது எப்போதும் மேட்டை நோக்கி, கிளம்புவது எப்போதும் பள்ளத்தை நோக்கி. சரியாக அமையவில்லை, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வரலாம் என்பது இங்கே நடக்காது. ஒரு கட்டத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் இறங்கியே ஆக வேண்டும்.

அந்தச் சரிவு ஆபத்தாகத் தெரிந்தாலும் அதுதான் விமானத்தைக் காப்பாற்றுகிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. வெயில் ஏறி 15 டிகிரி வந்துவிட்டால், விமானத்துக்கு அது 3,500 மீட்டர் உயரத்தில் பறப்பது போலத்தான். வேகமானியில் அதே எண் தெரிந்தாலும் தரையைத் தொடும் உண்மையான வேகம், கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். மேட்டில் ஏறும்போதே அந்த வேகத்தின் ஆற்றலில் பாதியளவு கரைந்துவிடும், மீதியைப் பிரேக்கும் பின்னோக்கித் திருப்பிய விசிறியும் பார்த்துக்கொள்ளும். சமதளமாக இருந்திருந்தால் இந்த நீளம் போதாது.

கருவிகளை நம்பி மேகத்துக்குள் இறங்கும் வசதி இங்கே இல்லை. விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதனால் வழியில் ஒரே ஒரு கணவாயில் மேகம் அடைத்தாலும் போக்குவரத்து நின்றுவிடும். இன்னொன்று, வெயில் ஏறஏறச் சரிவுகள் சூடாகிப் பள்ளத்தாக்கின் காற்று மேல்நோக்கி வீசத் தொடங்கும். இறங்குகிற விமானத்துக்கு அது பின்காற்று, நின்று முடிக்கத் தேவையான தூரம் கூடிவிடும். ஆகவேதான் விடிந்ததும் பறக்கத் தொடங்கி, முற்பகலோடு பெரும்பாலும் முடித்துக்கொள்கிறார்கள்.

இங்கே இறங்க விமானிக்குத் தனித் தகுதி வேண்டும். குறுகிய ஓடுபாதைகளில் குறைந்தது 100 முறை பறந்திருக்க வேண்டும், நேபாளத்தில் அந்த வகைப் பறப்பில் ஓராண்டுக்கு மேல் அனுபவம் வேண்டும், லுக்லாவுக்கே பயிற்றுநரோடு 10 முறை வந்திருக்க வேண்டும்.

நாட்களை ஒதுக்குங்கள், அதுவும் பின்பக்கம்

லுக்லாவில் இறங்கி அடிவார முகாம் போய் லுக்லா திரும்ப வழக்கமாக 12 நாள். அதற்கு முன்னால் காத்மாண்டுவில் ஒன்றரை நாளாவது வேண்டும். முடித்த பிறகு குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று காலி நாள். ஆக, வீட்டிலிருந்து வீடு வரை 18 நாள் என்று விடுப்பு கேளுங்கள். 14 நாளில் முடித்துவிடலாம் என்று எழுதித் தரும் அட்டவணைகளில் இந்தக் காலி நாள்தான் காணாமல் போயிருக்கும்.

காலி நாளை ஏன் பின்பக்கம் வைக்க வேண்டும்? போகும்போது ஒருநாள் தள்ளினால் நடையில் எங்காவது சரிக்கட்டலாம், அல்லது இலக்கைச் சுருக்கிக்கொள்ளலாம். திரும்பும்போது தள்ளினால் டெல்லி விமானமும், அதன் பின்னால் சென்னை விமானமும், திங்கட்கிழமை அலுவலகமும் வரிசையாகச் சரியும். 2011 நவம்பரில் மூடுபனியால் லுக்லாவில் பல நாள் விமானமே இல்லை. 2,000 பேருக்கு மேல் அங்கேயே முடங்கினார்கள். அக்டோபர், நவம்பர்தான் வானம் தெளிவாக இருக்கும் மாதங்கள் என்று பெயர். அதிலேயே இந்தக் கதி.

மார்ச் கடைசி முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரும் கூட்ட காலம். ஜூன் முதல் செப்டம்பர் நடு வரை மழைக்காலம், அப்போது விமானத்தை நம்பித் தேதி குறிப்பது வீண். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் கடுமை, ஆனால் காலைகள் தெளிவாக இருக்கும், நெரிசலும் இல்லை. குளிர் தாங்குவீர்கள் என்றால் டிசம்பர் முதல் பாதி நல்ல தேர்வு.

டிக்கெட்

இந்த வழியில் ஓடுபவை தாரா ஏர், சம்மிட் ஏர், சீதா ஏர் ஆகியவை. விமானங்கள் ட்வின் ஓட்டர், டோர்னியர் 228, எல்-410 என்ற சிறிய ரகங்கள், பதினைந்திலிருந்து இருபது பேருக்குள் ஏறலாம். எந்த நிறுவனம் என்பதைவிட எத்தனையாவது விமானம் என்பது முக்கியம். நாளின் முதல் சுற்றில் இடம் கேளுங்கள். ஒவ்வொரு விமானமும் ஒரே காலையில் மூன்று நான்கு முறை போய்வரும். நான்காவது சுற்றுக்குள் மேகம் வந்துவிட்டால் உங்கள் டிக்கெட் வெறும் காகிதம்.

பதிவு செய்யும்போது நாட்டினத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். நேபாளிகளுக்கு ஒரு கட்டணம், இந்தியருக்கு ஒன்று, மற்ற வெளிநாட்டவருக்கு டாலரில் ஒன்று. குழுவில் சிங்கப்பூர் அல்லது அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் இருந்தால் அவருக்குத் தனியாகப் போட வேண்டும். தவறாகப் போட்டால் கவுண்டரில் மிச்சத்தைக் கட்டச் சொல்வார்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலை எங்கே போடுவது என்று குழம்பாமல், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருந்தால் இங்கேயும் விரித்து எழுதுங்கள்.

எங்கிருந்து பறப்பது?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கூட்ட காலத்தில் பெரும்பாலான லுக்லா விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. திரிபுவன் விமான நிலையத்தில் ஒரே ஓடுபாதை, அதில் பன்னாட்டு விமானமும் உள்நாட்டு விமானமும் முட்டிக்கொள்ளும். அதனால் ராமேச்சாப் மாவட்டத்தில் உள்ள மந்தலி என்ற சிறு நிலையத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். காத்மாண்டுவிலிருந்து சாலை வழியே சுமார் 130 கிலோமீட்டர், நான்கிலிருந்து ஐந்து மணி நேரம். அங்கிருந்து லுக்லாவுக்கு 20 நிமிடத்துக்குள் பறந்துவிடலாம். காத்மாண்டுவிலிருந்தே என்றால் அரை மணிக்குச் சற்று மேல்.

மந்தலியில் காலை 6 மணி வாக்கில் பறக்கத் தொடங்குவார்கள். அதற்கு காத்மாண்டுவில் நள்ளிரவு ஒரு மணிக்கே வண்டி ஏற வேண்டும். மந்தலி போகும் பி.பி. நெடுஞ்சாலையில் வளைவுகள் அதிகம், மலைப்பாதையில் குமட்டும் உடம்பு என்றால் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் இந்தச் சாலை பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. எனவே எந்தப் பாதை, எத்தனை மணி நேரம் என்று கிளம்பும் வாரத்தில் ஓட்டுநரிடமே கேளுங்கள்.

எங்கள் பரிந்துரை வேறு: பறப்பதற்கு முந்திய நாள் பிற்பகலே மந்தலிக்குப் போய் அங்கே ஒரு லாட்ஜில் படுங்கள். அறை சுமாராகத்தான் இருக்கும், வெக்கையாகவும் இருக்கும். மந்தலி 474 மீட்டர் உயரம்தான். ஆனால் தூங்காத இரவோடு ஒரே தாவலில் 2,370 மீட்டர் ஏறி, அன்றே நடக்கவும் தொடங்குவதை உடம்பு மன்னிக்காது. முதல் நாள் தலைவலியில் பாதி, தூக்கமின்மையும் தண்ணீர் குடிக்காததும் தரும் பரிசு.

ஆவணமும் பணமும்

இந்தியர் நேபாளத்துக்கு விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் செல்லாது. விசா தேவையில்லை. இலங்கைத் தமிழர்களுக்கு, சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினர் என்ற முறையில், ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம், காத்மாண்டுவில் இறங்கியதும் கிடைக்கும்.

நேபாள ரூபாய் இந்திய ரூபாயோடு 1.6 என்று கட்டப்பட்டது, 100 இந்திய ரூபாய்க்கு 160 கிடைக்கும். இந்திய நோட்டு கொண்டுபோனால் 100 ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டுகளுக்கு அங்கே நீண்டகாலம் தடை இருந்தது, கடைக்காரர்கள் இன்னும் தயங்குவார்கள். மலையில் செலவு முழுக்க ரொக்கம். லுக்லாவிலும், நடைவழியில் உள்ள பெரிய ஊரான நாம்சேயிலும் ஏடிஎம் உண்டு, ஆனால் மின்சாரமோ இணைப்போ போனால் அதுவும் போகும். திரும்பும்போது லுக்லாவில் முடங்கினால் மூன்று நாள் தங்கவும் சாப்பிடவும் ஆகும் தொகையைத் தனி உறையில் போட்டு, தொடாமல் வையுங்கள்.

கைக்கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளுங்கள். நேபாள நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட அவ்வளவு முந்தியது. விடிகாலை வண்டிக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிது.

மூட்டை கட்டுவது

மொத்தம் 15 கிலோ. பெரிய பை 10, கைப்பை 5. தராசில் வைத்துத்தான் வாங்குவார்கள். கூடுதலுக்குக் கிலோ கணக்கில் பணம் கட்டலாம், ஆனால் அது பை உங்களோடே வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அன்றைய வெப்பத்தையும் காற்றையும் பார்த்து, எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதை விமானி முடிவு செய்வார். மிஞ்சும் பைகள் அடுத்த விமானத்தில் வரும், அடுத்த விமானம் வராமலும் போகலாம்.

ஆகவே கைப்பையில் இருக்க வேண்டியவை: மருந்துகள், பாஸ்போர்ட், பணம், இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், ஒரு மாற்று உடுப்பு, தலைவிளக்கு, பவர் பேங்க். பவர் பேங்க் பெரிய பைக்குள் போகக் கூடாது. கனமான மலையேற்ற ஷூவைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள், பைக்குள் வைத்தால் ஒன்றரைக் கிலோ அதுவே தின்றுவிடும். அடுப்பு கேஸ் சிலிண்டருக்கு விமானத்தில் அனுமதி இல்லை, தேவையென்றால் மேலே வாங்கிக்கொள்ளலாம். முறுக்கு, பருப்புப்பொடி, தொக்கு என்று வீட்டார் கட்டித்தரும் மூட்டையில் பொடியை மட்டும் எடுங்கள். எண்ணெய் ததும்பும் டப்பா, உயரம் ஏறும்போது உள்ளழுத்தத்தில் மூடியைத் தள்ளிக் கசியும், பைக்குள் எல்லாத் துணியிலும் புளிக்காய்ச்சல் மணக்கும்.

பறக்கும் காலை

மந்தலி நிலையம் சின்னது. வாசலில் டீக்கடைகள், உள்ளே ஒரே கூடம், அதில் ஒருவர்மேல் ஒருவராகக் கூட்டம். திரை பார்த்து வரிசையில் நிற்கும் பழக்கம் இங்கே உதவாது. கவுண்டரில் இருப்பவரின் பேரேட்டில் உங்கள் பெயர் எந்தச் சுற்றில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. வழிகாட்டி இருந்தால் அவரை முன்னால் அனுப்புங்கள். பைக்கான சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். போர்டிங் பாஸில் இருக்கை எண் இருக்காது, முதலில் ஏறுபவருக்கு விருப்பமான இடம். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், வடக்கே பனிமலைகள் வரிசையாகத் தெரியும். திரும்பும்போது வலப்பக்கம்.

கேபினில் காற்றழுத்தக் கட்டுப்பாடு கிடையாது. ஏறியதும் மிட்டாயும், காதில் வைக்கப் பஞ்சும் தருவார்கள், இரண்டையும் வாங்கிப் பயன்படுத்துங்கள். சளி பிடித்து மூக்கடைப்போடு இருந்தால் காது வலிக்கும், அரை மணி முன்பே மூக்கில் சொட்டுமருந்து விட்டுக்கொள்வது நல்லது. இறங்கும்போது முன்கண்ணாடி வழியே மலைச்சுவர் நேரே தெரியும், ஓடுபாதை செங்குத்தாக நிற்பதுபோல் தோன்றும். சக்கரம் பட்டதும் எஞ்சின் இரைச்சல் திடீரென்று ஏறும், உடம்பு முன்னால் தள்ளும். எல்லாம் வழக்கமானதுதான். மேலே நான்கே நான்கு விமானங்கள் நிற்க இடம். அடுத்தது வந்துகொண்டிருக்கும் என்பதால் சில நிமிடத்தில் ஆளையும் பையையும் இறக்கி, அங்கிருந்தவர்களை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பல நேரம் ஒரு எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்கும், பணியாளர் காட்டும் பக்கமாக மட்டும் நடங்கள். படம் எடுக்க நிற்க வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. 2008 அக்டோபரில் மூடுபனியில் இறங்க முயன்ற ட்வின் ஓட்டர் விபத்தில் 18 பேர் இறந்தார்கள், விமானி மட்டும் பிழைத்தார். 2017-இல் ஓடுபாதைக்குச் சற்று முன்பே ஒரு சரக்கு விமானம் விழுந்தது. 2019 ஏப்ரலில் கிளம்பிய விமானம் பக்கவாட்டில் ஓடி ஹெலிகாப்டர்கள்மேல் மோதி மூவர் உயிரிழந்தனர். நேபாள விமான நிறுவனங்கள் அனைத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2013-இலேயே தடை விதித்தது. பயணியாக நம் கையில் இருப்பது இரண்டு: தெளிவான காலையின் முதல் விமானத்தில் போவது, பறக்க மாட்டோம் என்று சொன்ன ஊழியரிடம் சண்டை போடாமல் இருப்பது.

இறங்கியதும்

சீட்டைக் காட்டிப் பையை எடுங்கள். சுமைதூக்க ஆள் ஏற்கெனவே பேசியிருந்தால் அவர் வெளியே காத்திருப்பார். கும்பு பாசாங் ல்ஹாமு ஊராட்சியின் அனுமதிச் சீட்டை லுக்லாவிலேயே வாங்கிவிடலாம். சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கானது வழியில் உள்ள மோஞ்சோ என்ற ஊரில். சார்க் நாட்டினருக்கு 1,500 நேபாள ரூபாய், அதன்மேல் 13 விழுக்காடு வாட். சுட வைத்த ஏதாவது சாப்பிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

அன்று பக்டிங் என்ற ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2,610 மீட்டர், லுக்லாவைவிடத் தாழ்வு, மூன்று நான்கு மணி நேர நடை. முதல் இரவு தாழ்வாகப் படுப்பது உயரத்துக்குப் பழக நல்ல வாய்ப்பு. காலையிலேயே வந்துவிட்டோமே, நாம்சேக்கே போய்விடலாம் என்று ஆசை வரும். நாம்சே 3,440 மீட்டர். மந்தலியில் விழித்தவர் அன்றிரவே அங்கே படுத்தால் ஒரே நாளில் மூன்று கிலோமீட்டர் உயரம். உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது

பறக்க வேண்டிய நாளுக்கு முந்திய நாள் பிற்பகலுக்குள் லுக்லா வந்துவிடுங்கள். நிறுவன அலுவலகத்தில் டிக்கெட்டை மறுஉறுதி செய்தாக வேண்டும். பொதுவாக லாட்ஜ் முதலாளியிடம் டிக்கெட்டைக் கொடுத்தால் அவரே பார்த்துக்கொள்வார். நிறுவன ஆள்களோடு தினமும் பேசுகிறவர் அவர்தான், காலையில் எந்தச் சுற்று, எப்போது கிளம்ப வேண்டும் என்று இரவு சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடுவார். எனவே அவரிடம் முகம் கோணாமல் பழகுங்கள்.

இப்போது வரிசையின் விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் விமானம் ரத்தானால் மறுநாள் முதல் விமானம் உங்களுக்கு என்று எண்ணாதீர்கள். மறுநாளுக்கு டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கே அன்றைய இடம். நேற்று விடுபட்டவர்கள் காலியிடத்திலோ கூடுதலாக விடும் விமானத்திலோதான் ஏற முடியும். இரண்டு நாள் மேகம் அடைத்தால் மூன்றாம் நாள் வெயில் அடித்தும் உங்களுக்கு இடம் வராமல் போவது இப்படித்தான். கூட்ட காலத்தில் திரும்பும் விமானமும் மந்தலியில்தான் இறக்கும், அங்கிருந்து காத்மாண்டுவுக்கு மறுபடி அரை நாள் சாலை. அன்று மாலை டெல்லி விமானம் போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

முடங்கிவிட்டால்

முதல் நாள் ரத்து என்றால் காத்திருங்கள். அறையைக் காலி செய்யாமல் இருங்கள், பிற்பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் அறை தேடுவார்கள். இரண்டாம் நாளும் ரத்து என்றால் காலை 10 மணிக்கே ஹெலிகாப்டருக்கு ஆள் சேர்க்கத் தொடங்குங்கள். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு ஹெலிகாப்டர், தலைக்கு விமானக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும். விமானத்துக்குப் போதாத வானிலையிலும், மேகத்தில் சின்ன இடைவெளி கிடைத்தால் ஹெலிகாப்டர் வந்துவிடும். ஆனால் எல்லோரும் முயலும் நேரத்தில் விலை மணிக்கு மணி ஏறும். பேசிய தொகை காத்மாண்டு வரையா, மந்தலி வரையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது, நோயாளி என்று எழுதி காப்பீட்டில் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் ஒதுங்குங்கள். இப்படிப் போலி மீட்புகள் 2018-இல் நேபாள அரசின் விசாரணையிலேயே அம்பலமாயின.

பணம் குறைவு, நாள் இருக்கிறது என்றால் ஜீப் கிடைக்கும் சல்லேரி என்ற ஊர்ப் பக்கமாக நடந்து இறங்குவது மூன்றாவது வழி. இரண்டு மூன்று நாள் நடை, பிறகு காத்மாண்டுவுக்கு ஒரு முழுநாள் ஜீப். ஜீப் பாதை ஆண்டுக்காண்டு லுக்லாவை நோக்கி நீண்டு வருவதால், வறண்ட மாதங்களில் நடை இன்னும் குறையலாம். மழையில் அந்தப் பாதை சேறு, அப்போது இந்த யோசனை வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் கிளம்பும் முன் இரண்டு வேலை பாக்கி. பயன்படுத்தாத டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கேட்டு நிறுவனத்திலோ ஏஜென்சியிலோ பதிவு செய்யுங்கள். வானிலையால் ரத்து என்று தேதியும் விமான எண்ணும் போட்டு, முத்திரையோடு ஒரு கடிதம் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான், ஊருக்கு வந்தபிறகு அதை லுக்லாவிலிருந்து வரவழைப்பது பெரும்பாடு.